யாரையும் கேட்காமல் அச்சடிப்பது எப்படி

"அப்ப நீங்களே போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்களேன் அண்ணே."

"நான் எதுக்குக் கேக்கணும்? தப்பா அனுப்பினது யாரு, நானா?"

"தப்புன்னு ஏன் நினைக்கிறீங்க? இதுதான் ஃபைல், பிரிண்ட் போடச் சொல்லுன்னு அண்ணி சொன்னாங்க. அவ்வளவுதான்."

"ஆபீஸ்ல என்ன அண்ணி? மேடம்னு சொல்லு."

"சரி. மேடம் அண்ணி சொன்னாங்க."

இப்படிச் சொன்னவர் அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் கடைநிலை ஊழியர். அறைக்கு அறை கோப்பு சுமப்பது அவர் வேலை. கோப்பு போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் அவருக்குக் கூரியர் என்று பெயர். எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்ற அண்ணன், அச்சுப் பிரிவின் பொறுப்பாளர். எத்தனை முறை கை கழுவினாலும் சட்டைக் கை ஓரத்தில் பிரிண்டரின் கறுப்பு மைப்பொடி ஒட்டியிருக்கும், அதனால் டோனர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது.

மேடம் அண்ணி என்பவர் டோனரின் மனைவி. அதே மாடியில், அதே நடைவழியின் மறுமுனையில், அச்சுக்கோப்புப் பிரிவுக்குத் தலைவி. இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது வாசல் காவலாளிவரை எல்லோருக்கும் தெரியும். காலையில் ஒரே வண்டியில் வந்து இறங்கி, முன்பின் பார்த்தறியாதவர்கள் போல ஆளுக்கொரு படிக்கட்டில் ஏறுகிறவர்களைப் பற்றி வேறு என்ன தெரிய வேண்டும்?

சங்கதி இதுதான். நிறுவனம் மண்ணையும் தண்ணீரையும் அளக்கிறது. அளந்ததை வருடத்துக்கு ஒரு முறை தடித்த அறிக்கையாகப் போடுகிறது. சூத்திரங்களும் அட்டவணைகளும் நிறைந்த அந்த அறிக்கையை ஒரு பழைய மென்பொருளில்தான் ஒழுங்காகக் கோக்க முடியும். கோத்து முடித்த கோப்பில் எந்த எழுத்து எங்கே உட்கார வேண்டும் என்பது மயிரிழை பிசகாமல் தீர்மானமாகியிருக்கும். ஆனால் லேசர் பிரிண்டருக்கு அந்தப் பாஷை தெரியாது. கோப்பு ஒரு மொழியில் சொல்லும். பிரிண்டர் வேறு மொழியில் கேட்கும். நடுவில் நின்று மொழிபெயர்க்க ஒரு கன்வெர்ட்டர் வேண்டும்.

அந்தக் கன்வெர்ட்டர் மனைவியின் கணினியில் இருந்தது. இத்தனை வருடமும் அவரே கோப்பை மாற்றி, பிரிண்டருக்குப் புரிகிற பாஷையில்தான் அனுப்பிவைப்பார். டோனர் பொத்தானை அழுத்துவார். 'நம்ம மிஷின் மாதிரி வருமா' என்று மிஷினைத் தட்டிக் கொடுப்பார்.

இன்று கோப்பு மாற்றாமல் வந்திருந்தது. பச்சையாக.

"இது வேணும்னே பண்ணது," என்றார் டோனர்.

"இருக்கலாம். கதவ வேற தொறந்து வச்சிருக்காங்க."

"எந்தக் கதவ?"

"அவங்க ரூம் கதவத்தான். உள்ள ஏசி ஓடுது, கதவு ஆன்னு தொறந்து கெடக்கு. இப்படி ஒருநாளும் நான் பாத்ததில்ல. நான் கதவ மூட மறந்தாலே 'வெளியூருக்கும் சேத்துக் குளுரடிக்கவா'ன்னு கேப்பாங்க."

டோனர் ஒரு கணம் யோசித்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என் பிரிண்டர் ஓடுதா நிக்குதான்னு காது குடுத்துக் கேக்கறாங்க. நான் அல்லாடுற சத்தத்த உக்காந்து ரசிக்கணும். அதுக்குத்தான் கதவு."

"எனக்கென்னவோ அப்படித் தோணல."

"உனக்குக் கல்யாணம் ஆகி எத்தன வருஷம்?"

"ஆகல அண்ணே."

"அப்ப வாய மூடு."

சண்டையின் பூர்வீகத்தைச் சொல்லிவிட வேண்டும். மனைவியின் தங்கை புது வீட்டுக்குக் குடிபோனாள். இரவு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். வண்டியை ஓட்டியவர் டோனர். வழி தெரியாது. வழி தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் தெரியாது. ஒரே தண்ணீர்த் தொட்டியை மீண்டும் மீண்டும் சுற்றி வந்தபோது, தொட்டியடியில் உட்கார்ந்திருந்த ஒருவர் தெரிந்தவர்களைப் பார்ப்பது போலக் கை அசைக்க ஆரம்பித்துவிட்டார். "அவரையாவது கேளுங்களேன்," என்றார் மனைவி. டோனர் பதிலுக்குக் கை அசைத்துவிட்டுப் போனார். போய்ச் சேர்ந்தபோது தங்கையின் கணவர் லுங்கியோடு நின்று நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் மனைவி கேட்டார்: "வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சிடும்?"

"வந்து சேந்தோமா இல்லையா?"

"நீங்க இதுவரைக்கும் யார்கிட்டயாவது எதையாவது கேட்டிருக்கீங்களா?"

டோனர் நேர்மையாக யோசித்துப் பார்த்து, சற்றுப் பெருமையோடு, "இல்ல," என்றார்.

உண்மைதான். மனைவியைப் பெண் கேட்டுப் போனதுகூட அவருடைய அண்ணன்தான். டோனர் வாசலில் வண்டிக்குக் காவல் இருந்தார்.

அந்த "இல்ல"தான் அவர்கள் கடைசியாகப் பேசியது. அதன் பிறகு வீட்டில் கதவுகளும் பாத்திரங்களும் மட்டும் பேசின.

தொலைபேசி அடித்தது. மேலாளர்.

"டோனர், ரிப்போர்ட் என்னாச்சு? அஞ்சு மணிக்குக் கூட்டம். நாலரைக்கு என் மேசையில இருக்கணும்."

"ஃபைல் மாத்தாம வந்திருக்கு சார். கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கணும்."

"வாங்கறதா? மூணு பேர் கையெழுத்து வேணும். ஒருத்தர் லீவு. ஒருத்தர் ரிட்டையர் ஆயிட்டார். மூணாவது ஆள் நான். நான் போட மாட்டேன். இன்டர்நெட்ல எல்லாம் சும்மாவே கெடைக்குதாமே, தேடிப் பாருங்க." குரல் மாறியது. "ஏன், உங்க வீட்டம்மாகிட்டயே ஒரு வார்த்தை..."

"நானே தேடிக்கறேன் சார்."

தேடினார்.

முதலில் கிடைத்த மென்பொருள் பார்க்க லட்சணமாக இருந்தது. முற்றிலும் இலவசம் என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. சம்மதமா என்று கேட்ட இடத்திலெல்லாம் டோனர் சம்மதம் என்று அழுத்தினார். கேள்வியை அவர் படிக்கவில்லை. கோப்பைக் கொடுத்தார். பிரிண்டர் உறுமியது. அறிக்கை சுடச்சுட வெளியே வந்தது.

எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை குறுக்காக, சாம்பல் நிறத்தில், கை அகல எழுத்தில் 'இலவசம்' என்று ஓடியது. முதல் பக்கம் நிறுவனத் தலைவரின் புகைப்படம். அவர் நெஞ்சின் மேலும் ஓடியது.

"தலைவர இலவசம்னு போட்டிருக்கு அண்ணே," என்றார் கூரியர்.

"தெரியுது."

"அந்த விலைக்குக் குடுத்தாலும் யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க."

"நீ போய் உன் வேலையப் பாரு. தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாது."

"பல்லு இருக்கட்டும். மாடு நெத்தியிலயே எழுதிட்டு வந்திருக்கே."

இரண்டாவது மென்பொருள் வேறு ரகம். எங்கோ தூர தேசத்தில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் யாரோ ஒரு பேராசிரியர், பனி பெய்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். அதில் படமில்லை, நிறமில்லை, பொத்தானில்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. எழுத்துருக்கள் எங்கே இருக்கின்றன என்று அது கேட்டது. டோனருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அதில் வழி இருந்தது. 'உதவி' என்று அடித்தால் போதும். அவர் அடிக்கவில்லை. வாய்க்கு வந்த ஓர் இடத்தைச் சொன்னார். மென்பொருள் அவரை நம்பியது.

பிரிண்டர் மறுபடி உறுமியது. தாள்கள் வந்து விழுந்தன. டோனர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

எழுத்து எதுவும் இல்லை. காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறிகள் மட்டும் அதனதன் இடத்தில் மயிரிழை பிசகாமல் அச்சாகியிருந்தன. பக்கம் பக்கமாக வெறும் நிறுத்தங்கள். ஓர் இடத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி, வெள்ளைத் தாளின் நடுவில், தனியாக நின்றது.

சில வாரங்களாக அவர் வீட்டில் நடந்துவரும் உரையாடலை யாரோ அச்சுக்கோத்தது போல இருந்தது. டோனருக்கு அது உறைத்ததா என்றால், கொஞ்சம் உறைத்தது. தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

வேறு வழியில்லாமல் மகளைத் தொலைபேசியில் பிடித்தார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிக் கணினிப் படிப்பு படிக்கிறாள். படிப்பு போக மிச்ச நேரத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையில் செய்தி கடத்துவது அவள் பொறுப்பு. 'மாடிச் சாவி எங்கேன்னு அம்மாகிட்ட கேளு', 'கேஸ் தீர்ந்துபோச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு' என்று ஒரே கூரைக்கடியிலிருந்து இரண்டு பேரும் நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறவளுக்குப் பேசுவார்கள்.

டோனர் இதிலும் கேட்பது போல இல்லாமல் கேட்டார். "உங்க காலேஜ்லயெல்லாம் இந்த மாதிரி கோப்ப லேசர் பிரிண்டருக்கு மாத்தறதுக்கு என்னத்தையோ வச்சிருப்பாங்களே, அதெல்லாம் நீ படிச்சியா இல்லையா?"

"இந்தக் காலத்துல அத யாருப்பா வச்சிருக்காங்க? அம்மாகிட்ட இருக்கே."

"அம்மாவ விட்டுட்டுச் சொல்லு."

"அம்மாவ விட்டுட்டா ஒண்ணுமே இல்லப்பா." மகள் சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, அம்மா உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?"

"பேசினாத்தானே சொல்றதுக்கு."

அந்தப் பக்கம் மகள் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மகள், சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் கையை விடாமல் பிடித்துக்கொள்வாளே, அந்தக் குரலில், "நீங்க போய்க் கேளுங்கப்பா," என்றாள். "இன்னைக்கே போய்க் கேளுங்க. கன்வெர்ட்டரத்தான்... வேற எதுவும் கேக்க வேணாம். அது ஒண்ணு போதும்."

"பாத்தியா, உன்னையும் அவங்க கட்சியில சேத்துட்டாங்க," என்று சொல்லி டோனர் போனை வைத்தார்.

ஆனாலும் எழுந்தார். தாள் கட்டு எடுத்து வரும் சாக்கில் நடைவழியில் நடந்தார். சரக்கறை அந்த முனையில் இருந்தது. போகிற வழியில் மனைவியின் அறை. கூரியர் சொன்னது நிஜம். கதவு விரியத் திறந்திருந்தது. குளிர் காற்று நடைவழிவரை வந்து கணுக்காலைத் தொட்டது.

டோனர் நடையை மெதுவாக்கிப் பக்கவாட்டில் பார்த்தார். மனைவி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேசை என்றைக்கும் இல்லாத சுத்தம், காகிதமே இல்லை. எதிரே ஒரு நாற்காலி, யாருக்கோ இழுத்துப் போட்டது போல. கணினித் திரையில் கன்வெர்ட்டரின் நீல ஜன்னல் திறந்தபடி இருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு மேல் ஏற்றிக்கொண்டார். எதிரில் இருப்பவர் சொல்வதை முழுசாகக் கேட்கத் தயாராகும்போது அவர் அப்படித்தான் செய்வார். கல்யாணமான புதிதில் டோனர் அதைப் பார்ப்பதற்காகவே ஏதாவது பேசுவார்.

இரண்டு அடி எடுத்து வைத்தால் உள்ளே. டோனர் வாயைக்கூடத் திறந்தார்.

'அதான் பாரு,' என்றது உள்ளே இருந்த இன்னொரு டோனர். 'நாற்காலி போட்டு, ஜன்னலத் தொறந்து, கண்ணாடியத் தூக்கி, வேடிக்க பாக்க எல்லா ஏற்பாடும் பண்ணி வச்சிருக்காங்க. நீ போய் நில்லு, கையக் கட்டிக்கிட்டு.'

திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டு டோனர் நேரே நடந்து, எதிரே இருந்த கழிப்பறைக்குள் நுழைந்துவிட்டார். அவசரமே இல்லாமல் அங்கே வெகுநேரம் நின்றார். திரும்பி வரும்போது மறு படிக்கட்டு வழியாகச் சுற்றி வந்தார். தாள் கட்டு எடுக்க மறந்துவிட்டது.

"வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சானாம்," என்றார் கூரியர், யாரையும் பார்க்காமல்.

"யாரச் சொல்ற?"

"எங்க சித்தப்பா ஒருத்தரு."

அடுத்து டோனர், ஆளாளுக்குச் சந்தேகம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் ஓர் இணையதளத்துக்குப் போனார். கேட்கப் போகவில்லை, ஏற்கெனவே யாராவது கேட்டிருந்தால் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டு வரலாம் என்று போனார். இருந்தது. அச்சு அசல் இதே தொல்லை. பெயர் தெரியாத யாரோ ஒருவர் பல வருடங்களுக்கு முன்பு, 'கோத்த கோப்பு, லேசர் பிரிண்டர், கையில் காசில்லை, யாராவது உதவுங்கள்' என்று கதறியிருந்தார். கீழே ஒரே ஒரு பதில்: 'அந்தக் கோப்பை உங்களுக்கு அனுப்பியவரைக் கேளுங்கள். அதைவிடச் சுலபமான வழி இல்லை.' அதற்குக் கீழே கேட்டவரின் நன்றி.

ஆபாசப் படத்தைப் பார்த்துவிட்டவர் போல டோனர் சட்டென்று அந்தப் பக்கத்தை மூடினார்.

மூன்றாவது மென்பொருள் பேசவே இல்லை. எதையும் கேட்கவில்லை. கோப்பை வாங்கிக்கொண்டது, விழுங்கியது, சும்மா இருந்தது. டோனருக்கு அதைப் பிடித்துப்போயிற்று. 'இது நம்ம ஜாதி' என்று நினைத்தார். அவருடைய பிரிண்டரில் எதுவும் வரவில்லை. இன்னொரு தடவை கொடுத்தார். வரவில்லை. கோபம் வந்து, சேர்ந்தாற்போலப் பல தடவை அழுத்தினார்.

கீழ்த்தளத்திலிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

எந்தப் பிரிண்டர் என்று அது கேட்கவில்லை அல்லவா? அதனால் அவருடையதை விட்டுவிட்டு, மற்றப் பிரிண்டர்களுக்கெல்லாம் பிரித்து அனுப்பியிருந்தது. எந்த அளவு என்றும் கேட்கவில்லை. அதனால் பக்கத்துக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டது. நூலகத்துப் பிரிண்டர் 'ம' என்றது. கணக்குப் பிரிவில் 'ண்'. ஆய்வுக்கூடத்தில் 'ணி'. தலைவர் அறையில், அவர் யாரோ விருந்தாளியோடு பேசிக்கொண்டிருந்தபோது, முழுத்தாள் அகலத்துக்கு ஒரு 'ஐயோ'வின் 'ஐ' மெல்ல எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு பிரிண்டரும் அறிக்கையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது, முதல் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி.

கூரியர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அண்ணே, நிறுத்துங்க! நிர்வாகப் பிரிவுல பேப்பர் சிக்கி மிஷின் பொகையுது. நூலகத்துல அந்தம்மா பிளக்கப் புடுங்கிட்டாங்க. எல்லாத்துலயும் சிக்கிக்கிச்சு. மொத்த ஆபீஸ்லயும் இப்ப ஓடுற மிஷின் உங்களோடது ஒண்ணுதான்."

"என்னோடதுலதான் எதுவுமே வரலையே!"

"அதனாலதான் அது ஓடுது."

மேலாளர் நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு கத்தைத் தாள். "டோனர், இது என்ன?"

டோனர் பார்த்தார். "'ளி' சார்."

"எதுக்கு எனக்கு 'ளி'?"

"அது 'வெளியீடு'ல வர்ற 'ளி' சார். 'வெ' கணக்குப் பிரிவுக்குப் போயிருக்கும்."

மேலாளர் திட்டுவதற்காக வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, டோனரின் தோளில் கை வைத்தார். அதுதான் டோனருக்குப் பயமாக இருந்தது. "இங்க பாருங்க. இருபதடி தூரம். எழுந்து போய் ஒரு வார்த்தை கேளுங்க. ரிப்போர்ட்டுக்காகச் சொல்லல."

"நாலரைக்கு உங்க மேசையில இருக்கும் சார்."

மேலாளர் தோளிலிருந்து கையை எடுத்தார். கையில் கறுப்பு ஒட்டியிருந்தது.

நாலாவது மென்பொருளைக் கண்டுபிடித்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. படமே இல்லாத ஒரு பக்கத்தில், தூசி படிந்த அலமாரியில் யாரும் எடுத்துப் பார்க்காத புத்தகம் போல அது இருந்தது. எழுதியவர் கீழே நாலு வரி சொல்லியிருந்தார்: 'இதை என் தேவைக்காகச் செய்தேன். உங்களுக்கும் உதவினால் சந்தோஷம். காசு வேண்டாம். உபயோகப்பட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். ஏதாவது புரியாவிட்டால் தயங்காமல் கேளுங்கள்.'

டோனர் நாலு வரியையும் தாண்டிப் போய்ப் பதிவிறக்கினார். கோப்பைக் கொடுத்தார்.

பிரிண்டர் உறுமவில்லை. முனகவில்லை. நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தது போல ஒரு பெருமூச்சு விட்டு, தாளை நீட்டியது. தலைவர் படம், நெஞ்சு வெறுமையாக. சூத்திரங்கள், அட்டவணைகள், எழுத்துக்கள், நிறுத்தற்குறிகள் எல்லாம் அதனதன் இடத்தில். மனைவி கோத்த பக்கங்கள். ஓரம் விட்டிருந்த அழகைப் பார்த்து டோனருக்கே ஒரு கணம், 'என்ன சுத்தமா வேலை செய்யறா!' என்று தோன்றியது. தோன்றியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்ட அந்த முகம் தெரியாத ஆளுக்கும் எழுதவில்லை.

தாள்களைத் தட்டி அடுக்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது போல மேலாளர் அறைக்குக் கொண்டுபோனார்.

மேலாளர் புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்ப கேட்டுட்டீங்க! நல்ல காரியம் பண்ணீங்க. நான்கூட என்னமோன்னு..."

"கேக்கல சார். நானே கண்டுபிடிச்சேன்."

"கேக்கலையா?"

"ஒரு வார்த்தை கேக்கல."

மேலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தொலைபேசியைப் பார்த்தார். கடைசியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சரி, நீங்க போங்க," என்றார். தன் சாமர்த்தியத்தைப் பார்த்து மேலாளருக்குப் பேச்சே வரவில்லை என்று டோனருக்குப் புரிந்தது.

திரும்பும்போது இந்த முறை சுற்றி வரவில்லை. நிமிர்ந்து, நடைவழியின் நடுவில் நடந்தார். மீசையில் ஒரு துளி மண் இல்லை. மனைவியின் அறை வாசலில் வேண்டுமென்றே செருமிக்கொண்டார். கதவு சாத்தியிருந்தது. அடியில் வெளிச்சம் தெரியவில்லை.

'சத்தம் கேட்டிருக்கும்,' என்று நினைத்துக்கொண்டார். 'மிஷின் ஒழுங்கா ஓடுற சத்தம் கேட்டதும் எழுந்து போயிட்டாங்க. பாவம்.'

பாவம் என்று நினைத்ததும் மனசு இளகிவிட்டது. ஜெயித்தவனுக்குத்தான் எவ்வளவு தாராளம் வருகிறது! அறைக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினார். போன வருடம் நடந்தது ஏனோ நினைவுக்கு வந்தது. தூரத்து ஊர்க் கிளையில் பெரிய பதவி கொடுத்து மனைவியைக் கூப்பிட்டார்கள். "போகட்டுமா?" என்று மனைவி வந்து நின்றார். டோனர் பேப்பர் படித்துக்கொண்டே "உன் இஷ்டம்," என்றார். எந்தப் புருஷன் இவ்வளவு சுதந்திரம் கொடுப்பான்? மனைவி கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிக்கொண்டு, இன்னும் ஏதாவது வருமா என்பது போல, அவர் அடுத்த பக்கம் புரட்டும்வரை நின்றிருந்தார். அப்புறம் போகவில்லை. பாவம், வீட்டின் மேல் அவ்வளவு பாசம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தானே முதலில் பேசிவிடுவது என்று டோனர் முடிவு செய்தார். தோற்றவன் பேசினால்தான் கௌரவக் குறைச்சல். ஜெயித்தவன் பேசினால் அது பெருந்தன்மை. என்ன சொல்லலாம்? 'காபி போடட்டுமா?' என்று சொல்லலாம். அதில் கேட்பது போல ஒன்று இருக்கிறது. ஆனால் கொடுக்கிறவன் கேட்பது கணக்கில் வராது. கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டார். சட்டைக் கை ஓரத்தை மடித்து, கறுப்பை உள்ளே தள்ளினார்.

கூரியர் உள்ளே வந்தார். ஒரு தாளை எழுத்துப் பக்கம் தெரியாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"வாப்பா! உங்க அண்ணி கெளம்பிட்டாங்க போல?" என்றார் டோனர். தான் அண்ணி என்று சொன்னதை அவரே கவனிக்கவில்லை. "ரிப்போர்ட்ட முடிச்சிட்டேன்னு சொன்னியா? யாரையும் கேக்காமயே முடிச்சிட்டேன்னு?"

"சொன்னேன் அண்ணே."

"என்ன சொன்னாங்க?"

செய்தியை வாயில் வைத்துக்கொண்டு கூரியர் தயங்கி நின்றதை அந்த நிறுவனத்தில் யாரும் பார்த்ததில்லை. அவர் பிரிண்டரைப் பார்த்தார். தாளைத் தலைகீழாகவே மேசைமேல் வைத்தார்.

"ஒண்ணும் சொல்லல அண்ணே, இந்தத் தூரத்து ஊர் மாற்றல் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க, 'கன்வெர்ட்டர் எங்கன்னு கேக்கவாவது அவர் இங்க வந்துட்டா நான் எந்த ஊருக்கும் போகல'ன்னு மேனேஜர்கிட்ட சொல்லித்தான் அந்த ஃபைல மாத்தாம அனுப்பிட்டு, காலையில இருந்து கதவத் தொறந்து வச்சிருந்தாங்க... மத்த மிஷினெல்லாம் சிக்கிக் கெடக்கு, இதுல ஒரே ஒரு காப்பி போட்டுத் தர்றீங்களா?"